கங்காணிக்குப் பெண்பால்

“என்ன சொன்னே?”

இந்தக் கேள்விக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜர் துரையிலிருந்து லோரி ஓட்டுகிறவர் வரை அத்தனை பேரும் பயப்படுவார்கள். தோட்டம் முழுக்க ‘அக்கா’ என்று கூப்பிடுகிற அவருக்குக் காது மந்தமில்லை. எதிர் மலையில் யாராவது இருமினால், இருமியது யார் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார். ‘என்ன சொன்னே?’ என்று அவர் கேட்டால், நீங்கள் ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டுவிட்டீர்கள், அதை எடுத்துவிட்டுச் சரியானதைப் போடுங்கள் என்று அர்த்தம். போடும்வரை உங்கள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

நான் முதலில் மாட்டிக்கொண்டது தோட்டத்து ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரத்தில். எனக்கு வீடு கீழே ரிங்லெட் டவுனில். தினமும் மோட்டார் சைக்கிளில் மலையேறி வருவேன். காலையில் பெரட்டு, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது, முடிந்ததும் அக்கா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று சொல்வார். நான் கணினியில் ஏற்றுவேன். அன்றைக்கு ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வரவில்லை.

“நோய்னு போட்டுக்கறேங்க்கா” என்றேன்.

“என்ன சொன்னே?”

“நோய்...”

“புள்ளத்தாச்சிய நோயாளிங்கறியா? ஒங்கம்மா ஒன்னைய வயித்துல வச்சிருந்தப்ப நோயிலயா கெடந்தாங்க?”

அழித்தேன். ஆனால் வேறு என்ன போடுவது? நோய், விடுமுறை, சொல்லாமல் நின்றது என்று மூன்றே கட்டங்கள்தான் அந்தக் கணினியில் இருந்தன. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“ஆம்பளைங்க போட்ட கட்டம்லா, அப்படித்தான் இருக்கும். சரி, லீவுன்னு போடு, கிராணி.”

அந்தக் கடைசிச் சொல்லில் நான் விழுந்துவிட்டேன். எங்கள் ஆபீசில் எழுத்து வேலை பார்த்த ஆண்கள் இரண்டு பேரும் கிராணிகள். எனக்கும் அதே மேசை, அதே வேலை. படிப்பில் அவர்களைவிட ஒரு டிப்ளோமா கூடுதல். ஆனால் தோட்டம் முழுக்க நான் ‘ஆபீஸ் பொண்ணு’. சம்பளமும் பொண்ணுக்குத் தருகிற சம்பளம்தான். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தும் வாய் திறந்து கேட்டதில்லை. அக்கா ஒருவர்தான், நான் கேட்காமலே, என்னைச் சரியான பெயரால் கூப்பிட்டவர்.

அவருக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததா என்றால், இல்லை. ஏட்டில் அவர் ‘கொழுந்து வெட்டுபவர்’. நான் வருவதற்கு ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு பழைய கங்காணி சரிவில் விழுந்து முழங்கால் போய் வீட்டோடு உட்கார்ந்தாராம். அப்போது துரை அக்காவைக் கூப்பிட்டு, “புது ஆள் வர்ற வரைக்கும் சும்மா பாத்துக்குங்க” என்றிருக்கிறார். புது ஆள் வந்தார். அவருக்கு மலையும் தெரியாது, இலையும் தெரியாது. “சும்மா கொஞ்சம் பழக்கி விடுங்க” என்றார் துரை. பழக்கிவிட்டதும் அந்த ஆள் தானா ராத்தா டவுனில் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டார். மறுபடியும் சும்மா பார்த்துக்கொண்டார். அடுத்தவர் வந்தார், மறுபடியும் சும்மா பழக்கிவிட்டார். இப்படியே அத்தனை வருடமும் அந்தத் தோட்டத்தின் ஒரு பாதி ‘சும்மா’வில் ஓடியது.

எந்த மலையில் பனி முதலில் விலகும், எந்தச் சரிவில் கொழுந்து இன்று விட்டால் நாளை முற்றிவிடும், மிஷினை எங்கே இறக்கலாம், எங்கே கத்தரிதான் போகும், எல்லாம் அவர் தலையில் இருந்தது. துரையின் வாட்ஸப் குரல் காலை ஐந்தரைக்கு வரும்: “அக்கா, இன்னைக்கு எங்க போடலாம்?” அக்கா சொல்வார். ஆறரைக்குத் துரை அதையே தன் உத்தரவாகக் குழுவில் போடுவார். கங்காணிக்கென்று கம்பெனி தருகிற தடித்த மழைக்கோட்டு, பூட்ஸ், விசில் எதுவும் அக்காவுக்குக் கிடையாது. இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, நாற்பது பேரையும் வாயாலேயே கூப்பிடுவார்.

மிஷின் கதை தனி. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு செடியின் மேல் ஓட்டுகிற இயந்திரம் அது. அதைப் பிடிப்பவர்களுக்குக் கூலி கூடுதல். பெண்களுக்குத் தருவதில்லை. பாரமாம். ஒருமுறை துரை அதைச் சொன்னபோது நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

“என்ன சொன்னீங்க, தொர? பாரமா? நெறஞ்ச மூட்டைய முதுகுல வச்சு ரோட்டுக்கு ஏத்துறோமே, அது பஞ்சா? அதுக்கு ஏன் ஆம்பள வேணும்னு சொல்லல?”

துரை சிரித்தார். அவர் கோலாலம்பூர்க்காரர், தமிழர்தான், இனிமையாகப் பேசுவார். பதில் இல்லாத இடத்திலெல்லாம் அவருக்கு ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் படத்துக்கு அக்காதான் வேண்டும். சுற்றுலாப் பயணிகள் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிற எங்கள் கடையில், சுவர் உயரத்துக்கு அக்காவின் படம் இருந்தது. எங்கள் தோட்டத்தில் யாரும் தொடாத பிரம்புக்கூடையை எங்கிருந்தோ கொண்டுவந்து முதுகில் மாட்டி, தலையில் புதுத் துண்டு கட்டி, படம் எடுத்தவர் சிரிக்கச் சொன்னாராம். “எதுக்குச் சிரிக்கணும்னு கேட்டேன், கிராணி. அவனுக்குச் சொல்லத் தெரியல. சரி, அவனப் பாத்தே சிரிச்சேன்” என்பார். படத்துக்குக் கீழே ‘கொழுந்து பறிக்கும் பெண்’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. அந்தப் படத்தின் முன்னால் நின்று எத்தனை ஜோடிகள் செல்பி எடுத்துக்கொண்டிருப்பார்களோ தெரியாது.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் கங்காணி இடம் மறுபடியும் காலியானது. இந்த முறை அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள்: மண்டோர் பதவிக்கு ஆள் தேவை, அனுபவம் அவசியம். மண்டோர் என்பது காகிதத்தில். வாயில் எல்லோருக்கும் கங்காணிதான். அக்கா அன்றே ஜன்னலுக்கு வந்தார்.

“போராங் குடு. நீயே எழுது. என் எழுத்து கோழி கெளறினாப்ல இருக்கும்.”

அந்தப் போராங்கை, மலாயில் அச்சடித்த அந்த விண்ணப்பத் தாளை, பெயர், வயது, அனுபவம் என்று நிரப்பிக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றேன். ‘மனைவியின் பெயர்’ என்றிருந்தது. கணவர் பெயருக்கு வரியே இல்லை. தாளை அச்சடித்தவன் மனதில் பெண் என்றொரு ஜென்மம் அந்த மேசைக்கு வரும் என்ற நினைப்பே இல்லை.

“என்ன போடறதுக்கா?”

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். “இன்னும் அமையலன்னு போடு. நெசமாத்தான் சொல்றேன். கங்காணிக்கு ஒரு பொண்டாட்டி வேணும்லா. நாலரைக்கு எந்திரிச்சு ஆக்கிக் குடுக்கணும், பூட்ஸ கழுவி வைக்கணும். எனக்கு ஒருத்தி இருந்திருந்தா நான் இந்நேரம் தொரையாவே ஆயிருப்பேன்.”

நேர்முகத்துக்கு நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். மலையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. இலையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. “ஆம்பளைங்க ஒங்க பேச்சக் கேப்பாங்களாக்கா?” என்றார் துரை. “இத்தன வருசமா நீங்களே கேட்டுக்கிட்டுத்தான இருக்கீங்க” என்றார் அக்கா. “வீட்டுல அவரு என்ன சொல்றாரு?” என்று அடுத்தது. அக்காவின் கணவர் தேயிலை ஆலையில் வேலை செய்த ஒரு சாது.

“அவரு இந்த வேலைக்குப் போராங் எழுதலையே, தொர. அவர ஏன் கேக்குறீங்க?”

துரை சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

பதினைந்து நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. அக்காவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், மலாய் பேச வரும், ஆங்கிலம் வராது. ஜன்னலுக்கு வெளியே கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். கடிதத்தில் இருந்தது இரண்டே வரி. ‘பணியின் தன்மை காரணமாக இப்பதவி பெண்களுக்கு ஏற்றதன்று. விண்ணப்பதாரர் புதிய மண்டோரைப் பழக்குவதில் தொடர்ந்து உதவலாம்.’

அதை என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. “இந்தத் தடவை இல்லையாங்க்கா. அடுத்த தடவை ஒங்களுக்குத்தான்னு போட்டிருக்காங்க” என்றேன்.

“என்ன சொன்னே?”

“அடுத்த தடவை.”

என் முகத்தையே பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. பொய் சொல்கிறவளுக்கு அன்றைக்கு எப்படியோ தைரியம் வந்துவிட்டது. “சரி, கிராணி” என்று கடிதத்தை வாங்கி நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனார். வேறு யாரிடமும் அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்தது. நான் சொன்னால் போதும் என்று இருந்திருக்கிறார்.

புதுக் கங்காணியாக வந்தவன் நேற்றுவரை கொழுந்து லோரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். நல்லவன்தான், அவனைத் திட்ட எனக்கு ஒன்றும் இல்லை. அக்கா அவனையும் பழக்கினார். அடுத்த தடவை இருக்கிறதே என்ற தெம்பில், முன்னைவிட நன்றாகவே பழக்கினார். நான் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இடையில் ஒன்று நடந்தது. இத்தனை வருடத்தில் ரிங்லெட் மளிகைக்கடைக்காரர் அக்காவைக் ‘கங்காணியம்மா’ என்று கூப்பிட்டுப் பழகியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் “வாங்க கங்காணியம்மா” என்றதும் இரண்டு பேர் திரும்பியிருக்கிறார்கள். ஒருவர் அக்கா. இன்னொருத்தி அந்தப் புதுக் கங்காணியின் பெண்டாட்டி, கல்யாணமாகி ஆறு மாதம் ஆனவள். “அக்கா, அது என்னையக் கூப்பிட்டாங்க” என்று அவள் சொல்ல, அக்கா ஒதுங்கி வழிவிட்டாராம்.

“நீங்க ஒண்ணும் கேக்கலையாக்கா?” என்று நான் கொதித்தேன்.

“என்னத்தக் கேக்க? அவ சரியாத்தான் சொன்னா. கங்காணி பொண்டாட்டிதான கங்காணியம்மா. கங்காணி வேலைய ஒரு பொம்பள பாத்தா அவளுக்கு என்ன பேருன்னு யோசிச்சுப் பாத்தேன், கிராணி. ஒண்ணும் இல்ல. தமிழ்லயே இல்ல.” தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே, “அடுத்த தடவை வரட்டும். அம்மாவும் வேணாம், அக்காவும் வேணாம். கங்காணின்னே கூப்பிடச் சொல்றேன்” என்றார்.

அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோபம் எனக்குத் துரைமேல் மட்டும் இல்லை.

ஒன்றரை வருடத்தில் அந்தப் பையன் கம்போங் ராஜாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். அக்கா ஜன்னல் பக்கம்கூட வரவில்லை. அன்றைக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு, பழைய பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகத் துரை அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது.

“அடுத்த தடவைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க, தொர. வந்துருச்சு.”

“நான் எங்கக்கா அப்படி எழுதினேன்?”

தாளை நீட்டினார். துரை வாங்கிப் படித்தார். அவர் பேச்சு மட்டும்தான் இனிமை, படிக்கும்போது ஒரு சொல்லை விடமாட்டார். இரண்டு வரியையும் தமிழில் சொல்லி முடித்தார். ஒவ்வொரு சொல்லும் என் மேசைவரை கேட்டது.

அக்கா வெளியே வந்து என் முன்னால் நின்றார். இந்த முறை ஜன்னல் கம்பி நடுவில் இல்லை.

“என்ன சொன்னீங்க அன்னைக்கு, ஆபீஸ் பொண்ணு?”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கொடுத்த பெயரை அவரே எடுத்துக்கொண்டார், கூடவே ‘நீ’யையும்.

மறுநாள் காலை ஐந்தரைக்குத் துரையின் குரல் போயிருக்கிறது: “அக்கா, ஆள் வர்ற வரைக்கும் சும்மா பாத்துக்குங்க. இன்னைக்கு எங்க போடலாம்?” பதில் வரவில்லை. ஏழு மணிக்குப் பெரட்டில் நாற்பது பேரோடு நாற்பத்தோராவது ஆளாக அக்கா நின்றார். கத்தரி கையில், பை முதுகில். பேர் கூப்பிட ஆள் இல்லை. லோரி உறுமிக்கொண்டே நிற்கிறது, பனி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் துரையே ஜீப்பில் வந்தார்.

“என்னக்கா, எந்த மலைக்குப் போகணும்?”

“நான் கொழுந்து வெட்டுறவ, தொர. எந்த மலைனு நீங்க சொல்லுங்க, வெட்டுறோம்.”

“வெளையாடாதீங்க. கொஞ்சம் உதவி பண்ணுங்க.”

“என்ன சொன்னீங்க? உதவியா? உதவின்னா முடிஞ்சா செய்யறது. இன்னைக்கு எனக்கு முடியல.”

துரைக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. வாய்க்கு வந்த ஒரு மலையைச் சொன்னார். அது முந்தாநாள்தான் மொட்டையாக வெட்டிவிட்டு வந்த மலை. லோரி அங்கே போய் நின்றது, நாற்பது பேரும் இறங்கினார்கள், வெறும் குச்சிகளைப் பார்த்தார்கள். கூலிக்கு வந்திருந்த வங்காளதேசத்துப் பையன்கள்கூடக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அன்றைக்கு ஆலைக்குப் பாதிக் கொழுந்துகூடப் போகவில்லை. வெட்ட வேண்டிய சரிவில் இலை முற்றியது.

மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் அடிக்கச் சொன்னார். அறையில் இங்கும் அங்கும் நடந்துகொண்டே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ‘மண்டோர் என்ற முறையில் தன் கடமையைச் செய்யத் தவறியதற்காக...’

என் விரல் நின்றது. கொழுந்து வெட்டுகிறவருக்கு எந்த மலை என்று சொல்கிற கடமை கிடையாது. கடமை தவறினார் என்று எழுத வேண்டுமானால், அது அவர் கடமையாக இருந்திருக்க வேண்டும். கோபத்தில் மனிதருக்கு உண்மை வாயில் வந்துவிட்டது. நல்ல ஆபீஸ் பொண்ணாக இருந்தால், ‘தொர, அந்தச் சொல் தப்பு’ என்று நான் திருத்தியிருக்க வேண்டும்.

“என்ன நிறுத்திட்டே? அடி” என்றார்.

“நீங்க சொன்னதையே அடிக்கறேன், தொர.”

அடித்தேன். கையெழுத்துப் போட்டார். தோட்டத்து முத்திரையை நானே அழுத்திக் குத்தினேன். ஜன்னலுக்கு அக்காவை வரவழைத்து, ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று படித்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை, ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை.

“என்ன சொன்னீங்க?”

“மண்டோர்.”

“யாரு?”

“நீங்கதான். தொர கையெழுத்துப் போட்டிருக்காரு.”

அக்கா என்னை நம்பவில்லை. நம்பாதது நியாயம்தான். தாளை வாங்கிக்கொண்டு ரிங்லெட்டுக்கே போய் மளிகைக்கடைக்காரரிடம் ஒருமுறை, பள்ளிக்கூட ஆசிரியரிடம் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார்.

ஒரு வாரத்தில் தலைமை அலுவலகத்துக்கு விஷயம் உறைத்துவிட்டது. அந்தக் கடிதம் வெளியே எங்காவது போனால், இத்தனை வருடம் மண்டோர் வேலையை வாங்கிக்கொண்டு கொழுந்து வெட்டுகிற கூலி கொடுத்ததற்குக் கம்பெனியே எழுதிக்கொடுத்த சாட்சி அது. துரை என்னையும் கூட்டிக்கொண்டு அக்காவின் லைன் வீட்டு வாசலுக்கே போனார். சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

“வார்னிங்க கேன்சல் பண்ணிட்டோங்க்கா. ஒங்க ரெக்கார்டு சுத்தம். அந்தக் கடுதாசிய மட்டும் குடுத்துடுங்க.”

“வேணாம் தொர. வார்னிங் அப்படியே இருக்கட்டும்.”

“அது ஒங்களுக்குக் கெட்ட பேருக்கா.”

“எனக்கு நீங்க குடுத்த பேரு அது ஒண்ணுதான். அதையும் கேக்குறீங்களே.”

அவர் நின்று பார்த்தார், பேசிப் பார்த்தார். அக்கா கொடுக்கவில்லை. அடுத்த மாதம் அந்தப் பதவிக்கு வெளியிலிருந்து ஓர் ஆணைத்தான் கொண்டுவந்து வைத்தார்கள். அக்கா அவருக்கு எதையும் பழக்கவில்லை. ஒரு வருடம் மலைகள் தாறுமாறாகக் கிடந்தன. வெட்டுகிறவராகவே, அந்த எச்சரிக்கையோடேயே, அக்கா ஓய்வுபெற்றார். லேபர் ஆபீசுக்குப் போகலாம் என்று நான் பல தடவை சொன்னேன். போவதும் போகாததும் அவர் முடிவு. இன்னும் அவர் முடிவைச் சொல்லவில்லை. தாள் டின்னில்தான் இருக்கிறது.

லைன் வீட்டு வாசலில் அன்றைக்கு, கடிதம் கிடைக்காமல் துரை ஜீப்பில் ஏறினார். நானும் பின்னால் போகத் திரும்பினேன்.

“நில்லு” என்றார் அக்கா. டின்னைத் திறந்து தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். ஜீப் ஹாரன் அடித்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

“அந்தப் பேரு வர்ற எடத்த மட்டும் இன்னொரு தரம் படி, கிராணி.”